விவாதத்தில் ஜெயித்தவர் தேர்தலில் ஏன் தோற்கிறார்? – கேள்வி பதில்

தேர்தல் ஆய்வுகளைப் படிப்பதும் அதைப் பாடமாக நடத்துவதும் என் வேலை. தொலைக்காட்சியில் வேட்பாளர்கள் நேருக்கு நேர் மோதும் விவாதங்கள் ஓட்டை மாற்றுகின்றனவா என்பதைப் பற்றி இன்று கேட்கலாம். எந்தக் கட்சி நல்லது என்று கேட்காதீர்கள். அப்புறம், கேட்பதற்கு முன் மேலே உள்ள பதில்களை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வாக்காளன்: மேடம், சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். விவாதம் தேர்தல் முடிவை மாற்றுமா?

பொதுவாக, இல்லை. முழுதாகச் சொல்ல இன்னும் கொஞ்சம் இடம் வேண்டும்.

இந்தக் கேள்விக்கு இதுவரை வந்ததில் பெரிய பதில் கரோலின் லு பெனெக், வின்சென்ட் போன்ஸ் இருவரும் செய்த ஆய்வு. 1952 முதல் 2017 வரை பத்து நாடுகளில் நடந்த 62 தேர்தல்களை எடுத்துக்கொண்டார்கள். அவற்றில் 56 தொலைக்காட்சி விவாதங்கள். ஒரே ஆளிடம் தேர்தலுக்கு முன்பு ஒருமுறை, ஓட்டுப் போட்ட பிறகு ஒருமுறை கேட்ட தரவுகள். கடைசி இரண்டு மாதத்தில் மனசை முடிவு செய்கிறவர்கள் 17 முதல் 29 சதவீதம் வரை இருக்கிறார்கள். சின்ன எண்ணிக்கை இல்லை. ஆனால் அந்த நகர்வு விவாத நாளைச் சுற்றி நடக்கவில்லை. விவாதத்துக்கு முதல் நாளும் மறுநாளும் வரைபடத்தில் ஒரே கோடாகத்தான் போகின்றன. கடைசி நேரம் வரை முடிவெடுக்காமல் இருந்தவர்களிடமும் அப்படித்தான்.

ஏன் என்று யோசித்தால் ஆச்சரியமில்லை. தொண்ணூறு நிமிடம் உட்கார்ந்து விவாதம் பார்ப்பவர் யார்? அரசியலில் ஏற்கெனவே ஊறியவர். அவருக்குப் பக்கம் உண்டு. தன் ஆள் பேசினால் கைதட்டுவார், எதிராளி பேசினால் குறை தேடுவார். எந்தப் பக்கமும் இல்லாதவர் அந்த நேரத்தில் வேறு சேனலில் இருப்பார். இரண்டாவது, இரண்டு பக்கமும் வாரக்கணக்கில் ஒத்திகை பார்த்துவிட்டு வருகிறார்கள். ஒருவர் மொத்தமாகச் சரிவது அபூர்வம்.

அமெரிக்காவை மட்டும் பாருங்கள். 2004இல் மூன்று விவாதத்திலும் ஜான் கெர்ரி முந்தியதாக மக்கள் சொன்னார்கள், ஜெயித்தது புஷ். 2012இல் டென்வரில் நடந்த முதல் விவாதத்தில் ராம்னி வென்றார் என்று காலப் கணிப்பில் 72 சதவீதம் பேர் சொன்னார்கள், ஒபாமாவுக்கு 20 சதவீதம், ஜெயித்தது ஒபாமா. 2016இல் மூன்றிலும் ஹிலாரி கிளின்டன், ஜெயித்தது டிரம்ப். 2024 செப்டம்பரில் கமலா ஹாரிஸ்; ஜெயித்தது மறுபடியும் டிரம்ப். "யார் நன்றாகப் பேசினார்" என்பது ஒரு கேள்வி, "யாருக்கு உங்கள் ஓட்டு" என்பது வேறு கேள்வி. இன்று இதை நான் பலமுறை சொல்ல வேண்டியிருக்கும் என்று நினைக்கிறேன்.

புது வாசகி: அப்படியென்றால் கட்சிகள் ஏன் இவ்வளவு பயப்படுகின்றன அக்கா? ஒத்திகை, ஆலோசகர்கள், மேடை உயரம் வரை சண்டை போடுகிறார்களே?

விவாதத்தைவிட அதற்கு மறுநாளுக்குத்தான் பயப்படுகிறார்கள். 1976 அக்டோபர் 6, சான் பிரான்சிஸ்கோ. கிழக்கு ஐரோப்பாவில் சோவியத் ஆதிக்கமே இல்லை என்று அதிபர் ஃபோர்டு சொன்னார். கேள்வி கேட்ட நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையாளர் மாக்ஸ் ஃபிராங்கல் நம்ப முடியாமல் திரும்பக் கேட்டு, திருத்திக்கொள்ள வாய்ப்பும் கொடுத்தார். ஃபோர்டு பிடியை விடவில்லை. இப்போது இதைப் படித்தால் அந்த நொடியே அவர் கதை முடிந்தது என்று தோன்றும். ஆனால் அன்றிரவு விவாதம் முடிந்த கையோடு கேட்கப்பட்டவர்கள் அந்த வாக்கியத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஃபோர்டு நன்றாகவே செய்தார் என்றார்கள். மறுநாள் முழுக்கச் செய்திகள் அதையே திரும்பத் திரும்பப் பேசின. மறுநாள் மாலை கேட்டபோது எதிராளி கார்ட்டர்தான் வென்றார் என்று ஊரே சொன்னது.

விவாதம் மாறவில்லை. அதைப் பற்றிய பேச்சு மாறியது, அதோடு மக்களின் நினைவும் மாறியது. கட்சிகள் பயப்படுவது இதற்குத்தான். 2000இல் அல் கோர் எதிராளி பேசும்போது பெருமூச்சு விட்டதும் இதே கதை. நேரலையில் பார்த்தவர்களுக்கு அது உறுத்தியதைவிட, பெருமூச்சுகளை மட்டும் வெட்டி ஒட்டிப் போட்ட செய்தியில் பார்த்தவர்களுக்குத்தான் அதிகம் உறுத்தியது.

கேள்விக்குறி: 1960இல் நிக்சன் முகத்தில் வியர்வை வழிந்ததால்தான் தோற்றார் என்கிறார்களே?

இது வரும் என்று தெரியும். 1960 செப்டம்பர் 26, சிகாகோ, அதிபர் வேட்பாளர்கள் நிக்சனும் கென்னடியும் மோதிய முதல் விவாதம். ஏறத்தாழ 7 கோடி பேர் பார்த்தார்கள். நிக்சன் முழங்கால் தொற்றுக்காக ஆகஸ்டில் மருத்துவமனையில் இருந்துவிட்டு வந்தவர். எடை குறைந்து சட்டை தொளதொளவென்று இருந்தது. சாம்பல் நிற சூட் பின்னணியோடு கலந்துபோனது. முறையான மேக்கப் வேண்டாம் என்றுவிட்டு, தாடி நிழலை மறைக்க ஏதோ பவுடர் பூசிக்கொண்டார். வியர்த்தது உண்மை. கென்னடி வெயிலில் கறுத்து, கருநீல சூட்டில், கேமராவைப் பார்த்துப் பேசினார். இதெல்லாம் உண்மை.

ஆனால் அந்தத் தேர்தலில் ஏறத்தாழ 6 கோடியே 88 லட்சம் பேர் ஓட்டுப் போட்டார்கள். வித்தியாசம் சுமார் 1,13,000. அவ்வளவு நெருக்கமாக முடிந்த தேர்தலில் நீங்கள் எதைச் சொன்னாலும் "அதுதான் காரணம்" என்று ஆகிவிடும். வியர்வை, கென்னடியின் கத்தோலிக்க மதம், சிகாகோ ஓட்டு எண்ணிக்கை பற்றிய புகார், மார்ட்டின் லூதர் கிங் கைதானபோது கென்னடி அவர் மனைவிக்குச் செய்த போன், எதை வேண்டுமானாலும் வைக்கலாம். முதல் விவாதத்தைச் சுற்றிக் கருத்துக்கணிப்பில் ஏற்பட்ட நகர்வு சிறியது. அதற்குப் பிறகு இன்னும் மூன்று விவாதங்கள் நடந்தன, நிக்சன் அவற்றில் தேறினார், ஒல்லியாகவும் தெரியவில்லை. மூன்றாவதில் இருவரும் ஒரே ஊரில்கூட இல்லை. ஒருவர் லாஸ் ஏஞ்சலிஸ், ஒருவர் நியூயார்க், திரையைப் பாதியாகப் பிரித்துக் காட்டினார்கள். அந்த மூன்றையும் யாரும் பேசுவதில்லை.

ரேடியோப் பிரியர்: ரேடியோவில் கேட்டவர்கள் நிக்சன் வென்றதாகவும், டிவியில் பார்த்தவர்கள் கென்னடி வென்றதாகவும் சொன்னார்களே! இதைவிட என்ன நிரூபணம் வேண்டும்?

எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. அடித்தளம்தான் பலவீனம். சிண்ட்லிங்கர் என்ற நிறுவனம் எடுத்த ஒரே ஒரு கணிப்பு. அதில் ரேடியோவில் கேட்டவர்கள் 282 பேர். அதிலும் கணிசமானவர்கள் யார் வென்றார் என்று கருத்தே சொல்லவில்லை. 1987இல் வான்சில், பெண்டெல் என்ற இருவர் இதைத் தோண்டி எடுத்து அலசினார்கள். அதற்குப் பிறகும் கதை அப்படியே ஓடுகிறது.

மாலைச் செய்தி: இரவு எட்டு மணிக்குச் சேனல்களில் நாலு பேர் உட்கார்ந்து கத்துகிறார்களே, அதன் தாக்கம் என்ன?

அது வேறு சமாச்சாரம். இன்று வேட்பாளர்கள் நேருக்கு நேர் மோதும் விவாதம் மட்டும். ஊடக ஆய்வு செய்பவர் யாரையாவது பிடியுங்கள்.

ரேடியோப் பிரியர்: 282 பேர் போதாது என்று சொல்வது வசதியான பதில் மேடம். வித்தியாசம் பெரியது. தற்செயலாக வந்திருக்க முடியாது.

கணக்கு வாத்தியார்: நான் குறுக்கே வருகிறேன். 282 பேர் என்றால் பிழை எல்லை ஏறத்தாழ 6 சதவீதப் புள்ளி. பெரிய வித்தியாசம் என்றால் அந்த எண்ணிக்கையே போதும். ரேடியோ நண்பர் பக்கம் நியாயம் இருக்கிறது.

சரி, இருவருக்கும் சேர்த்து. வாத்தியாரின் கணக்கு சரி. எண்ணிக்கையைவிட அந்த 282 பேர் யார் என்பதுதான் என் கவலை. பிழை எல்லை என்ற கணக்கே, ஆட்களைக் குலுக்கல் முறையில் பிரித்தால்தான் பொருந்தும். யாரும் இங்கே குலுக்கிப் போட்டு "நீ ரேடியோ கேள், நீ டிவி பார்" என்று சொல்லவில்லை. 1960இல் அமெரிக்காவில் பத்து வீட்டில் கிட்டத்தட்ட ஒன்பதில் டிவி வந்துவிட்டது. அப்போதும் ரேடியோவில் கேட்டவர் யார்? டிவி அலை சரியாகப் போய்ச் சேராத கிராமப்புறத்தினர் அதிகம் இருக்க வாய்ப்புண்டு. புராட்டஸ்டண்ட் கிராமப்புறம், கத்தோலிக்க வேட்பாளர் மேல் சந்தேகம் கொண்ட பகுதி. அவர்களுக்கு விவாதத்துக்கு முன்பே நிக்சன்தான் ஆள். அவர்கள் விவாதத்தைக் கேட்டுவிட்டு நிக்சன் வென்றார் என்றால், அது குரலின் வெற்றியா, முன்பே இருந்த சாய்வா? முன்பு யாரை ஆதரித்தார்கள் என்பதைப் பிரித்துப் பார்க்காமல் இதற்கு விடையே இல்லை.

இன்னொன்று, யாரும் செய்யாத வேலை: பேச்சின் எழுத்து வடிவத்தை எடுத்துப் படியுங்கள். நிக்சன் தொடக்க உரையிலேயே, செனட்டர் கென்னடி சொன்ன பலவற்றோடு நாம் ஒத்துப்போகலாம் என்று ஆரம்பிக்கிறார். இலக்கு ஒன்றுதான், வழிதான் வேறு என்கிறார். கென்னடி தாக்குகிறார், இவர் தற்காக்கிறார். இது முகம் இல்லாமல் காதில் விழுந்தாலும் தெரியும்.

அரைத்தூக்கம்: நிக்சன் மேக்கப் போடாததால்தான் தோற்றாரா?

மேலே இருக்கிறது.

ரேடியோப் பிரியர்: நல்லது. குலுக்கல் வேண்டும் என்றீர்கள். 2003இல் ஒரு பேராசிரியர் அதே விவாதத்தை ஒரு குழுவுக்கு ஒலியாக மட்டும், இன்னொரு குழுவுக்குப் படத்தோடு காட்டிச் சோதித்தாரே. டிவி குழுதான் கென்னடி பக்கம் சாய்ந்தது. இப்போது என்ன சொல்வீர்கள்?

இதைக் கொண்டுவந்ததற்கு நன்றி, உண்மையாகவே. ஜேம்ஸ் டிரக்மேனின் சோதனை அது. 171 பேர், அந்த விவாதத்தைப் பற்றி முன்பே தெரியாதவர்களாகப் பார்த்து எடுத்தார். குலுக்கல் முறை சரி. நீங்கள் சொன்ன முடிவும் சரி: படத்தோடு பார்த்தவர்கள் கென்னடி வென்றார் என்று சொல்வது அதிகம். ஆளின் நேர்மையைப் பற்றிய எண்ணம் அவர்கள் மதிப்பீட்டில் கூடுதல் எடை பெற்றது. இன்னொரு முடிவை யாரும் சொல்வதில்லை: அரசியலில் அவ்வளவு ஈடுபாடு இல்லாதவர்கள் ரேடியோவைவிட டிவியில் பார்த்துத்தான் அதிகம் கற்றுக்கொண்டார்கள். டிவி என்றால் மேலோட்டம், ரேடியோ என்றால் ஆழம் என்ற நம்பிக்கைக்கு அது பெரிய அடி.

ஆக, படம் மதிப்பீட்டை மாற்றும். நான் அதை மறுத்ததே இல்லை. 1960இல் ரேடியோ கேட்டவர்கள் பற்றிய அந்தக் கதைக்கு ஆதாரம் போதாது என்கிறேன். அதைப் பிடித்துக்கொண்டு "வியர்வையால் தேர்தல் போனது" என்று தாவக் கூடாது என்கிறேன். டிரக்மேன் யாரிடமும் ஓட்டுச்சீட்டைக் கொடுக்கவில்லை.

கணக்கு வாத்தியார்: மாதிரி விஷயத்தில் மேடம் சொல்வது சரி. நான் கட்சி மாறிவிட்டேன்.

ரேடியோப் பிரியர்: வாத்தியாரே, இவ்வளவு சீக்கிரமா!

உங்கள் இருவர் சண்டையால் இருபது கேள்வி வரிசையில் நிற்கிறது. நகர்கிறேன்.

ஆராய்ச்சி மாணவி: மேடம், என் ஆய்வேட்டுக்காகக் கேட்கிறேன். விவாதம் உண்மையிலேயே ஓட்டை மாற்றிய இடம் எங்காவது உண்டா?

உண்டு. இன்றைய கேள்விகளில் எனக்குப் பிடித்தது இதுதான், அதனால் நீளமாகச் சொல்கிறேன்.

சியரா லியோன், 2012. நாடாளுமன்ற வேட்பாளர்கள் யார், அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்றே பல வாக்காளர்களுக்குத் தெரியாத தேர்தல். பிட்வெல், கேசி, கிளெனர்ஸ்டர் என்ற மூன்று ஆய்வாளர்கள் 14 தொகுதிகளில் வேட்பாளர்களை உட்காரவைத்து விவாதம் நடத்திப் படம் பிடித்தார்கள். 224 வாக்குச்சாவடிப் பகுதிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதியில், அதாவது 112இல், பெரிய திரை கட்டி அந்தப் படத்தைப் போட்டார்கள். மீதிப் பாதியில் போடவில்லை. நான் மேலே கேட்ட குலுக்கல் இதுதான்.

படம் பார்த்த ஊர்களில் வேட்பாளர்களைப் பற்றிய அறிவு கூடியது. தங்கள் கருத்தோடு ஒத்துப்போகும் வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பது கூடியது. விவாதத்தில் நன்றாகச் செய்தவருக்கு ஓட்டும் கூடியது. அதோடு நிற்கவில்லை. ஜெயித்தவர்கள் அதன் பிறகு எப்படி நடந்துகொண்டார்கள் என்றும் தொடர்ந்து போய்ப் பார்த்தார்கள். விவாதத்தில் கலந்துகொண்டு ஜெயித்த உறுப்பினர்கள், கலந்துகொள்ளாமல் ஜெயித்தவர்களைவிடத் தொகுதி நிதியிலிருந்து இரண்டு மடங்குக்கும் மேல் வேலைகளைச் செய்திருந்தார்கள். மேடையில் நின்று எல்லார் முன்னாலும் வாக்குக் கொடுத்துவிட்டோம், அது படமாகவும் இருக்கிறது என்ற நினைப்பு வேலை செய்திருக்க வேண்டும்.

மேலே சொன்ன 62 தேர்தல்களையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வேட்பாளர் யார் என்று ஏற்கெனவே தெரிந்த இடத்தில் விவாதம் கூடுதலாக ஒன்றும் சொல்வதில்லை. தெரியாத இடத்தில் நிறையச் சொல்கிறது. உங்கள் ஆய்வேட்டுக்கு அங்கே பிடி கிடைக்கும். பெரிய தலைவர்களின் மோதலை விட்டுவிட்டு உள்ளாட்சி, உட்கட்சித் தேர்தல் பக்கம் போங்கள். அமெரிக்காவில் கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தலில் எல்லாரும் ஒரே கட்சி, ஆகவே கட்சிப் பாசம் உதவாது. 2011 நவம்பரில் ரிக் பெரி, அதிபரானால் தான் மூடப்போகும் மூன்று துறைகளில் மூன்றாவதன் பெயரை மேடையிலேயே மறந்து திணறினார், அதிலிருந்து எழவில்லை. மறந்தது எரிசக்தித் துறை. 2017இல் அதே துறைக்கு அவரையே அமைச்சராக்கினார்கள், அது தனிக் கதை. 2016 பிப்ரவரியில் மார்கோ ரூபியோ ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லி, சக போட்டியாளர் கிறிஸ் கிறிஸ்டியிடம் மாட்டிக்கொண்டார். சில நாளில் நியூ ஹாம்ப்ஷயரில் ஐந்தாம் இடம்.

நடுநிலை: 2024 ஜூனில் பைடன் விவாதத்துக்குப் பிறகு விலகினாரே. உங்கள் கொள்கை அங்கேயே உடைந்துவிட்டது.

உடையவில்லை. ஜூன் 27 விவாதம், ஜூலை 21 விலகல். இடைப்பட்ட நாட்களில் கருத்துக்கணிப்பில் அவர் இழந்தது சில புள்ளிகள் மட்டுமே. பேச்சு அவ்வளவு மோசமாக இருந்தும் அவர் ஆதரவாளர்களில் பெரும்பாலோர் அவரோடுதான் இருந்தார்கள். அவரை நகர்த்தியது கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினர்கள், நிதி கொடுப்பவர்கள், மூத்த தலைவர்கள். வாக்காளர் அசையவில்லை, கட்சி அசைந்தது. அதற்கு நேரம் கிடைத்ததும் தற்செயல்: வழக்கமாக செப்டம்பர், அக்டோபரில் நடக்க வேண்டிய விவாதத்தைக் கட்சி மாநாட்டுக்கு முன்பே வைத்துக்கொண்டார்கள். அதுவே அக்டோபரில் நடந்திருந்தால் ஆள் மாற்ற வழியே இருந்திருக்காது.

விவாதத்தின் சக்தி எங்கே என்று கேட்டால் நான் இங்கேதான் கை காட்டுவேன். வாக்காளரைவிட, வேட்பாளரைச் சுற்றி இருப்பவர்களை அது அதிகம் ஆட்டும்.

குளிர்கண்ணாடி: நிக்சனுக்கு வியர்த்தது ஸ்டூடியோ சூட்டாலா, காய்ச்சலாலா?

நான் மருத்துவர் இல்லை.

ஓட்டுப்பெட்டி: விவாதம் முடிந்த அரை மணியில் "67 சதவீதம் பேர் இவர் வென்றார் என்கிறார்கள்" என்று போடுகிறார்களே, அதை எவ்வளவு நம்பலாம்?

விவாதம் பார்த்தவர்களின் கருத்து என்ற அளவில் நம்பலாம், அதற்கு மேல் வேண்டாம். பார்த்தவர்கள் நாட்டு வாக்காளர்களின் மாதிரி இல்லை. அன்று எந்தக் கட்சிக்காரர்கள் அதிகம் உட்கார்ந்து பார்த்தார்களோ அந்தப் பக்கம் எண் சாயும். இணையத்தில் யார் வேண்டுமானாலும் எத்தனை முறை வேண்டுமானாலும் அழுத்தும் வாக்கெடுப்பை நான் கணிப்பு என்றே சொல்லமாட்டேன்.

இதைவிட மோசம் திரையின் அடியில் நேரலையாக நெளியும் அந்தக் கோடு. சில நாடுகளில் அதைப் "புழு" என்கிறார்கள். முடிவெடுக்காத சிலர் கையில் ஒரு கருவியைக் கொடுத்து, பிடித்தால் மேலே, பிடிக்காவிட்டால் கீழே என்று திருப்பச் சொல்லி, அதைத் திரையில் ஓட்டுவார்கள். 2010 பிரிட்டன் தேர்தலின் கடைசி விவாதத்தின்போது ஆய்வாளர்கள் ஒரு விஷமம் செய்தார்கள். 150 பேரை இரண்டு குழுவாக்கி, தாங்களே இட்டுக்கட்டிய புழுவைக் காட்டினார்கள். ஒரு குழுவுக்குக் காட்டிய புழு பிரதமர் கோர்டன் பிரவுன் பக்கம் சாய்ந்தது, இன்னொன்றில் மூன்றாவது கட்சித் தலைவர் நிக் கிளெக் பக்கம். ஒரே விவாதம்தான். பிரவுன் புழுவைப் பார்த்தவர்கள் பிரவுன் வென்றார் என்றார்கள், கிளெக் புழுவைப் பார்த்தவர்கள் கிளெக் வென்றார் என்றார்கள். சில டஜன் பேர் கையில் கொடுத்த கருவி லட்சக்கணக்கானவர்களின் மனசைத் திருப்பக்கூடும் என்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

லண்டன் தம்பி: அக்கா, கிளெக்கைச் சொன்னீர்கள். அந்த முதல் விவாதத்துக்குப் பிறகு நாடே அவர் பின்னால் போனதே?

கணிப்பில் போனது. 2010 ஏப்ரல் 15, பிரிட்டனின் முதல் தலைவர்கள் விவாதம். அதுவரை பலருக்கு முகமே தெரியாத கிளெக் ஒரே இரவில் பிரதமர் வேட்பாளர் மாதிரி ஆனார். சில கணிப்புகளில் அவர் கட்சி முதலிடம். மே 6 ஓட்டு எண்ணியபோது 23 சதவீதம். முந்தைய தேர்தலைவிட ஒரு புள்ளி அதிகம். இடங்கள் 62இலிருந்து 57ஆகக் குறைந்தன. விவாதம் தரும் ஏற்றம் மூன்று வாரம் தாங்காது என்பதற்கு இதைவிடத் துல்லியமான உதாரணம் எனக்குத் தெரியாது. தேர்தலுக்கு முந்தைய நாள் விவாதம் நடந்திருந்தால்? அது நல்ல கேள்வி, ஆனால் நீங்கள் கேட்கவில்லை.

பஞ்ச் டயலாக்: ஒரே வாக்கியத்தால் தேர்தலை ஜெயித்தவர்கள் பட்டியல் கொடுங்கள்.

அப்படிப் பட்டியல் இல்லை. 1974இல் பிரான்சில் கிஸ்கார், மித்தரானைப் பார்த்து "இதயம் உங்கள் ஏகபோகம் இல்லை" என்றார். 4 லட்சத்துச் சொச்சம் ஓட்டில் ஜெயித்தார், அது உதவியிருக்கலாம். 1980இல் ரீகன், நான்கு ஆண்டுக்கு முன்பு இருந்ததைவிட இப்போது நன்றாக இருக்கிறீர்களா என்று மக்களைக் கேட்டார். விவாதம் நடந்தது தேர்தலுக்கு ஒரே வாரம் முன்பு. விலைவாசியும் ஈரான் பிணைக்கைதிகளும் அந்தக் கேள்விக்கு ஏற்கெனவே பதில் எழுதி வைத்திருந்தன. வாக்கியம் அதைப் படித்துக் காட்டியது. எதிர் உதாரணமும் எடுத்துக்கொள்ளுங்கள். 1988 துணை அதிபர் விவாதத்தில் லாய்ட் பென்ட்சன், தன்னைக் கென்னடியோடு ஒப்பிட்ட டான் குவேலைப் பார்த்து "நீங்கள் ஜாக் கென்னடி இல்லை" என்றார். இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். துணை அதிபரானது குவேல்.

ஒளிந்திருப்பவன்: விவாதத்துக்கே வராமல் இருந்தால் நஷ்டமா?

முன்னணியில் இருப்பவருக்குப் பெரும்பாலும் நஷ்டமில்லை. 1960க்குப் பிறகு அமெரிக்காவில் 1976 வரை அதிபர் விவாதமே நடக்கவில்லை. சம நேரச் சட்டம் ஒரு காரணம். எல்லா உதிரி வேட்பாளருக்கும் சம நேரம் கொடுக்க வேண்டும் என்பதால் சேனல்கள் தயங்கின. ஆனால் முன்னணியில் இருந்தவருக்கு அந்தச் சட்டம் நல்ல சாக்கு. 1964இல் ஜான்சன், 1968லும் 1972லும் நிக்சன் (ஆமாம், அதே நிக்சன், பாடம் கற்றுவிட்டார்). இருவரும் ஜெயித்தார்கள். 2002இல் பிரான்சில் சிராக், லு பென்னோடு மேடை ஏற மறுத்து 82 சதவீதம் வாங்கினார். 2018இல் கத்திக்குத்துக் காயத்துக்குப் பிறகு பிரேசிலில் போல்சனாரோ விவாதங்களைத் தவிர்த்தார், ஜெயித்தார். விதிவிலக்கு: 2017இல் பிரிட்டன் பிரதமர் தெரேசா மே வராமல் தன் அமைச்சர் ஆம்பர் ரட்டை அனுப்பினார்; ஓடி ஒளிகிறார் என்ற பேச்சு ஒட்டிக்கொண்டது, பெரும்பான்மையும் போனது. அதற்கு விவாதம் மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன்.

வெட்டி ஒட்டு: சேனலே ஒரு பக்கம் சாய்ந்தால்?

1989, பிரேசில். அதிபர் வேட்பாளர்கள் கோலோர், லூலா கடைசி விவாதம். மறுநாள் குளோபோ தொலைக்காட்சி தன் முக்கியச் செய்தியில் போட்ட சுருக்கத்தில் கோலோரின் நல்ல இடங்களும் லூலா தடுமாறிய இடங்களும் இருந்தன. இரண்டு நாளில் தேர்தல், கோலோர் ஜெயித்தார். பின்னாளில் அந்தத் தொகுப்பு தவறு என்று குளோபோவே ஒப்புக்கொண்டது. விவாதத்தைவிடச் சுருக்கம் ஆபத்தானது என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். 2004இல் அமெரிக்காவில் கடைசி விவாதத்தின்போது அரிசோனாவில் செய்த சோதனையும் உண்டு. விவாதத்தை மட்டும் பார்த்துவிட்டு எழுந்தவர்கள் கெர்ரி வென்றதாகச் சொன்னார்கள். அதோடு என்பிசி சேனலின் அலசலையும் பார்த்தவர்கள் புஷ் பக்கம் நகர்ந்தார்கள். முடிந்ததும் டிவியை அணையுங்கள். குறைந்தது அரை மணி நேரமாவது.

பழைய பேப்பர்: விவாத வரலாற்றில் உங்களுக்குப் பிடித்த வேடிக்கை?

1976 முதல் விவாதம், பிலடெல்பியா. ஒலிக்கருவி கெட்டு 27 நிமிடம் சத்தமே இல்லை. ஃபோர்டும் கார்ட்டரும் உட்காரவும் இல்லை, பேசிக்கொள்ளவும் இல்லை. ஆளுக்கொரு பேச்சு மேசைக்குப் பின்னால் அப்படியே நின்றார்கள்.

அனலடுப்பு: உங்கள் கணிப்பில் அடுத்த தேர்தலில் யார்?

முதல் பத்தியைப் படியுங்கள்.

மூன்றாம் அணி: சிறு கட்சிகளை மேடையில் ஏற்றாததே மோசடி இல்லையா? அவர்களுக்காவது விவாதம் உதவுமே.

உதவும். மேலே மாணவிக்குச் சொன்ன அதே காரணம்: தெரியாத முகத்துக்குத்தான் லாபம். 1992இல் சுயேச்சை வேட்பாளர் ராஸ் பெரோ விவாதத்துக்கு முன் பத்து சதவீதத்தைச் சுற்றி இருந்தார். புஷ், கிளின்டனோடு மூன்று விவாதத்திலும் நின்றார். முடிவில் 18.9 சதவீதம். முழுக்க விவாதத்தால் என்று சொல்லமாட்டேன், சொந்தக் காசில் அரை மணி நேர விளம்பரங்களும் வாங்கினார். 1996இல் அவரை மேடையில் ஏற்றவில்லை, 8.4 சதவீதம். 2000 முதல், கணிப்புகளில் சராசரியாக 15 சதவீதம் இருந்தால்தான் இடம் என்று விவாத ஆணையம் விதி வைத்தது. அந்த விதி 1992இல் இருந்திருந்தால் பெரோவே ஏறியிருக்க முடியாது. ஆணையத்தை அமைத்தது இரண்டு பெரிய கட்சிகளும் சேர்ந்து என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதுவரை விவாதங்களை நடத்திய பெண் வாக்காளர் சங்கம், கட்சிகள் போட்ட நிபந்தனைகளை ஏற்காமல் 1988இல் விலகியது. ஆகவே மோசடி என்ற சொல்லை நான் பயன்படுத்தமாட்டேன், ஆனால் உங்கள் கோபம் புரிகிறது.

வரிசையில் மீதி ஒன்பது கேள்விகள். ஏழு நிக்சன் மேக்கப், இரண்டு ரேடியோப் பிரியர். இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.